லோகேஸ்வரனுக்கு எடுத்த ஆக்லாந்து

லோகேஸ்வரன் சுகுமாரனுக்குத் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று எழுபது வெள்ளி. அதில் ஆயிரத்து எண்ணூறு, அப்பம் பாலிக் என்கிற இனிப்பு மடிப்பப்பம் சுடும் தள்ளுவண்டிக்கு. மீதி எழுபது, அந்த வண்டியைச் சுங்கை பாக்காப்பிலிருந்து ஜெலுத்தோங்குக்கு ஏற்றி வந்த லோரிக்கு.

வண்டி வாங்கும்போதே சுகுமாரன் கேட்டான். "டேய் லோகா, உனக்கு மாவு கரைக்கத் தெரியுமாடா?"

"அதெல்லாம் போன்ல பாத்துக்கலாம் லா."

போனில் பார்த்துத்தான் கரைத்தான். சனிக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போட்டான். அப்பம் ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் வேகவே இல்லை. ஒரு மலாய்க்கார அம்மா வாங்கிப்போன அப்பத்தைத் திரும்பக் கொண்டுவந்து வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, காசுகூடக் கேட்காமல் போய்விட்டாள். கத்தியிருந்தால் லோகன் பதிலுக்குக் கத்தியிருப்பான், மனசும் ஆறியிருக்கும். அவள் பேசாமல் போனதுதான் அவனைப் போட்டு அறுத்தது. இரண்டு மாதம் தம் பிடித்துப் பார்த்தான். அப்புறம் வண்டி பிளாட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. பூனை ஒன்று அதற்கடியில் குட்டி போட்டது.

சுகுமாரன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். விடியற்காலையில் ஜெலுத்தோங்கில் ஆள் ஏற்றி, கடல்மேல் போகிற நீளப் பாலத்தைக் கடந்து, புக்கிட் தெங்கா தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு வர வேண்டும். லோகன் அதே தொழிற்சாலையில் கிடங்கில் வேலை. பெட்டி அடுக்குவது, இறக்குவது, மறுபடி அடுக்குவது. டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற இருக்கை அவனுடையது. பஸ் கிளம்பினால் முன்னால் சாய்ந்து, சுகுமாரன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, பந்து விளையாட்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவான். யார் அடித்தான், யார் கோட்டை விட்டான், ரெஃப்ரிக்கு எந்தக் கண் தெரியாது என்று பாலம் முடிகிற வரைக்கும் ஓடும். அந்தப் பேச்சு காதில் விழுந்தால்தான் சுகுமாரனுக்குத் தூக்கம் கலையும். இப்படியே வருசக்கணக்காய்ப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பாலத்தின் நடுவில் சுகுமாரன்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்தான். லோகன் அன்றைக்குப் பந்தைப் பற்றிப் பேசவில்லை. கடனைப் பற்றி, அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று ஏதோ முனகிக்கொண்டு வந்தான். கேட்கப் பொறுக்காமல் சுகுமாரன், "விடுறா அந்தக் காசை. நான் அப்பவே மறந்துட்டேன்" என்றான்.

பின்னால் சத்தம் நின்றுவிட்டது. "நான் என்ன உன் வாசல்ல தட்டேந்தியா நிக்கிறேன்?" என்று மட்டும் கேட்டது.

மறுநாள் லோகன் பஸ்ஸில் ஏறவில்லை.

தன் பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தில் போக ஆரம்பித்துவிட்டான். பாலத்தில் மோட்டாருக்கென்று ஓரமாக ஒரு தடம் உண்டு. கடல் காற்று அங்கே சும்மா அடிக்காது, ஆளைத் தள்ளிப் பார்க்கும். சுகுமாரன் உயரத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவன், அவனுக்கு எல்லாம் தெரியும். தினமும் பாலத்தில் ஏறினதும் கண் தானாக இடது பக்கம் போகும். அங்கே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு ஆடி ஆடிப் போகும். பின்விளக்கின் கண்ணாடி உடைந்து, சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வான். பஸ்ஸை முந்தவிடாமல், அந்த விளக்குக்குச் சரியாகக் கொஞ்சம் பின்னாலேயே ஓட்டுவான். பின்னால் வருகிற கார்க்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகன் வீட்டுக்கே போனான். கதவைத் திறந்தது லோகன் மனைவி ரூபினி. "அவரு இல்லண்ணே, வெளிய போயிட்டாரு" என்றாள். கீழே மோட்டார் நிற்கிறது. வாசலில் லோகன் செருப்பு கிடக்கிறது. ரூபினி கண் அந்தச் செருப்பில் விழுந்து, சட்டென்று மேலே வந்தது. பாவம், அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"சரிம்மா, வந்தா சொல்லு" என்று சுகுமாரன் இறங்கிவிட்டான்.

அதற்கப்புறம் அவனே ஒளிய ஆரம்பித்தான். கடன் கொடுத்தவன் ஒளிகிறதை யாராவது கேள்விப்பட்டதுண்டா? லோகன் பாசாருக்கு வருகிற நேரத்தில் இவன் போவதில்லை. லோகன் முடி வெட்டுகிற கடையை மாற்றிக்கொண்டான். எதிரே பார்த்தால் அவனுக்குக் கூசும், நாமே விலகிக்கொள்வோம் என்று நினைப்பு. அங்கே லோகன் என்ன நினைத்தான் தெரியுமா? 'பாத்தியா, காசு தரலன்னதும் நம்ம மூஞ்சியைப் பாக்கவே அவனுக்குப் பிடிக்கல.' இது பிற்பாடு தெரிய வந்தது.

வீட்டில் மனைவி வடிவம்மாளிடம் சுகுமாரன் புலம்பினான். "அந்தக் காசு போய்த் தொலையட்டும்னா கேக்க மாட்டேங்கிறானே."

வடிவு மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீங்க பிச்சை மாதிரி போட்டா அவரு எப்படி வாங்குவாரு? அது போவட்டும், அந்த வண்டில ஒரு குத்தமும் இல்ல, தெரியுமா. நான் போய்ப் பாத்தேன். நல்ல கனமான பித்தளைச் சட்டி. குத்தமெல்லாம் அவரு கைல. மாவுல முட்டையை அப்படியா போட்டு அடிப்பாங்க?"

"நான் என்ன பேசுறேன், நீ என்ன பேசுற?"

"நான் வண்டியைப் பத்திப் பேசுறேன்" என்றாள் வடிவு.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பந்துப் போட்டி வந்தது. நாடுகள் ஆடுகிற உலகக் கிண்ணம் இல்லை, இது கிளப்புகளுக்கு. ஒவ்வொரு கண்டத்திலும் கிண்ணம் தூக்கிய கிளப்புகளை எல்லாம் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் ஒன்றோடொன்று மோதவிடுகிற போட்டி. ஐரோப்பாக்காரன், தென்னமெரிக்காக்காரன், ஜப்பான்காரன், ஆப்பிரிக்காக்காரன் எல்லாரும் இருந்தார்கள்.

முஸ்தஃபா பாய் தேநீர்க்கடையில் எப்போதும் ஒரு வழக்கம். பெரிய போட்டி வந்தால், மூலை மேசைக்காரர்கள், சுகுமாரனும் லோகனும் அதில் சேர்த்தி, மைலோ டின்னுக்குள் அணிகளின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிப் போட்டு, ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்த அணிதான் அவனுடைய அணி. முதல் சுற்று முடியும்போது எவன் அணி ஒரு புள்ளிகூட இல்லாமல் வீட்டுக்குப் போகிறதோ, அவன் மாட்டினான். மேசையில் யார் முந்திக்கொண்டு சொல்கிறார்களோ, அவர் சொல்கிற ஒரு காரியத்தைத் தட்டாமல் செய்ய வேண்டும். காசு மட்டும் கேட்கக் கூடாது. போன முறை முஸ்தஃபா பாயே மாட்டி, இருபது வருசத்து மீசையைச் சிரைத்துக்கொண்டார். மூன்று நாள் அவர் மனைவி அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாளாம்.

துண்டு எடுக்கிற அன்றைக்கு லோகன் வரவில்லை. வராதவனுக்கு இன்னொருவர் எடுக்கலாம்.

சுகுமாரன் சீக்கிரமே வந்து, பாய் எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் குந்தினான். "பாய், இதுல ரொம்ப மட்டமான டீமு எது?"

"இதோ, ஆக்லாந்து. நியூசிலாந்துக்காரனுங்க. சம்பளத்துக்கு ஆடுறவனுங்க இல்ல. பகல்ல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் ஆடுறவனுங்களாம். ஜெர்மன்காரன்கிட்ட மாட்டியிருக்கானுங்க. சட்னிதான்."

"அதை டின்ல போடாதே. லோகனுக்குன்னு தனியா வை."

பாய் பேனாவை நிறுத்தினார். "ஏண்ணே, அவன் மேல அவ்வளவு கோவமா?"

"கோவமா? போய்யா நீ." சுகுமாரன் குரலைத் தாழ்த்தினான். "அவன் மாட்டணும். மாட்டினா நான் முதல்ல வாயைத் தொறப்பேன். அந்தக் கடன் இல்லன்னு ஒத்துக்கோடான்னு சொல்வேன். தட்ட முடியாதில்ல?"

"காசு கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதே?"

"நான் எங்கய்யா கேக்குறேன்? குடுக்காதேன்னுதான சொல்லப் போறேன்!"

பாய் ஆக்லாந்து என்று எழுதிய துண்டை மடித்து அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு, தே ஆற்றப் போய்விட்டார். தனக்கென்று சுகுமாரன் டின்னுக்குள் கைவிட்டு எடுத்தது ஜப்பான்காரன் உராவா.

துண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டுமே. நூர்ஜான் இருந்தாள். கிடங்குக்குப் பக்கத்தில் பெட்டிக்கு முத்திரை ஒட்டுகிற பகுதியில் வேலை, பஸ்ஸில் லோகனின் காலி இருக்கைக்கு அடுத்தது அவளுடையது. யாரையும் அந்தக் காலி இடத்தில் உட்காரவிட மாட்டாள். கேட்டால், "ஆளு வருது, ஆளு வருது" என்று தன் பையைத் தூக்கி வைப்பாள். ஆள் வராமல் நான்கு மாதமாகிவிட்டது.

துண்டு போய்ச் சேர்ந்தது. ஆக்லாந்து முதல் ஆட்டம் ஆடியது. ஜெர்மனியிலிருந்து வந்த பயர்ன் பத்து கோல் போட்டது. பத்துக்குப் பூச்சியம்.

மறுநாள் காலையில் நூர்ஜான் பஸ்ஸில் ஏறும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

"லோகன் அண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நான் சொல்லவா வேணாமா?"

"சொல்லு."

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு லா."

"'கடன்காரனுக்குக் கடைசி டீமா? வேணும்னே எடுத்தியான்னு கேளு'ன்னாரு. பாய் கடையில எல்லாரும் அவரை நினைச்சுச் சிரிச்சிருப்பாங்களாம்."

சுகுமாரன் கியரை மாற்றினான். வேண்டுமென்றே எடுத்ததுதான், அதை எப்படி இல்லை என்று சொல்வது? எதற்காக எடுத்தேன் என்று இந்தப் பெண்ணிடம் சொல்லியனுப்பினால், இன்னொரு தடவை தட்டில் காசு போட்ட மாதிரி ஆகிவிடும். "ஆண்டவனே" என்றான். அன்றைக்குப் பாலத்தில் இடது பக்கம் பார்க்கவே அவனுக்குத் துணிவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சாயங்காலமும் ஒரு சேதி வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. இரண்டு நாள் கழித்து நூர்ஜான் வேறு மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"அண்ணே, லோகன் அண்ணே இன்னிக்குப் பூராவும் அந்த ஆக்லாந்துக் கதைதான். பத்து கோலு வாங்கினான் பாருங்க, அந்த கோல்கீப்பரு, அவன் ஊர்ல மருந்துக் கிடங்குல பெட்டி அடுக்குறவனாம்."

"யாரு சொன்னா?"

"போன்ல படிச்சிருக்காரு. இன்னொருத்தன் வாத்தியாராம். லீவு போட்டுட்டு, சம்பளம் இல்லாம வந்திருக்கானுங்களாம். 'பெட்டி அடுக்குறவன் ஜெர்மன்காரன் முன்னால போய் நின்னான் இல்ல, ஓடலையே'ன்னு சூப்பர்வைசர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டாரு."

சுகுமாரனுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் போர்த்துகல்காரன் ஆறு கோல் போட்டான். இந்தத் தடவை லோகன் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "பத்து ஆறாயிடுச்சுன்னு சொல்லு."

ஜப்பான்காரன் உராவாவும் சும்மா இல்லை. அதுவும் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுக் கிடந்தது. பாய் கடையில் எல்லாரும் சுகுமாரனைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, உங்க மீசைக்கு இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா?" அவன் காதில் வாங்கவில்லை. உராவா எப்படியாவது ஒரு ஆட்டத்தில் ஒப்பேற்றிவிடும், ஆக்லாந்து எப்படியும் விழும், கடனும் ஒழியும், லோகன் மறுபடி பஸ்ஸில் ஏறுவான். அவன் கணக்கு இப்படி ஓடியது. ஆக்லாந்துக்குக் கடைசி ஆட்டம் அர்ஜென்டினாவின் போக்கா ஜூனியர்ஸோடு. போக்கா என்றால் அங்கே சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் பந்து அடிக்கும். இனி பயமில்லை என்று சுகுமாரன் இருந்தான்.

அந்த ஆட்டம் நம் ஊர் நேரத்துக்குப் புதன்கிழமை விடியற்காலையில் விழுந்தது. அன்றைக்கென்று சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் கிளம்பி வந்தது. ஜூன் மாதத்தில் இப்படித்தான், விடிகிற நேரம் பார்த்து அடித்துப் பிடுங்கும். சுகுமாரன் பஸ்ஸை எடுக்கும்போது வைப்பர் இரண்டும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. ஆட்டத்தை அவன் பார்க்கவில்லை. பஸ் ஓட்டுகிற அன்றைக்கு அவன் போனைத் தொடுவதில்லை. நூர்ஜான் ஏறும்போது போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"எவ்வளவு?" என்றான் சுகுமாரன்.

"இருங்க அண்ணே, லைன் கெடைக்கல."

பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு மேம்பாலம் வருகிறது. மழை என்றால் மோட்டார்க்காரர்கள் எல்லாம் அதற்கடியில் ஒதுங்கி நிற்பார்கள். அன்றைக்கும் ஒரு கூட்டம் நின்றது. சுகுமாரன் கண் அந்தக் கூட்டத்துக்குள் போய்ச் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கைத் தேடிப் பிடித்தது. லோகன் மஞ்சள் மழைக்கோட்டோடு மோட்டார் மேல் உட்கார்ந்து, குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டதும் கிளம்பிவிடுவான். இந்தக் காற்றில் பாலத்தில் ஏறிவிடுவான். வேலைக்கு நேரமாகிறதே, ஏறத்தான் செய்வான்.

இப்போது யோசித்தாலும் அவனுக்குத் தெரியாது, கால் எப்போது பிரேக்கில் போனது என்று. பஸ் நின்றுவிட்டது. அங்கே நிறுத்தக் கூடாது. எழுதி வைத்திருக்கிறார்கள். சுகுமாரன் கதவைத் திறந்தான். மழைச் சத்தம் உள்ளே வந்தது. கூப்பிட வேண்டும். நாலு மாதமாகப் பேசாத வாய் உடனே திறக்கவில்லை.

அதற்குள் நூர்ஜான் சன்னலைத் தள்ளித் திறந்துவிட்டாள். "லோகன் அண்ணே! உங்க டீமு ஒண்ணுக்கு ஒண்ணு!"

"தெரியும்!" என்று லோகன் கத்தினான். அவன் பஸ்ஸைப் பார்க்கவில்லை, போனையே தட்டிக்கொண்டிருந்தான். "என் போன் செத்துப் போச்சு! இடி இடிக்குதுன்னு ஆட்டத்தை நிறுத்திட்டானுங்க. மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"இப்பத்தான் ஆரம்பிக்குது! வர்றாங்க, வெளிய வர்றாங்க!"

லோகன் நிமிர்ந்தான். திறந்த கதவைப் பார்த்தான். கதவுக்கு அந்தப் பக்கம் சுகுமாரனைப் பார்த்தான். மழைத்தண்ணீர் அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏறுடா" என்றான் சுகுமாரன்.

லோகன் மோட்டாரைத் தூணோரமாய் ஒதுக்கி, சங்கிலி போட்டுப் பூட்டினான். பூட்டும்போது கை அவசரத்தில் சாவியைக் கீழே போட்டது. பஸ்ஸில் ஏறினான். நூர்ஜான் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். லோகன் அந்த இருக்கையில் உட்கார்ந்தான். மழைக்கோட்டிலிருந்து வடிந்த தண்ணீர் சுகுமாரன் காலடி வரைக்கும் வந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது. சுகுமாரன் ரோட்டைப் பார்த்தான். காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்த்தது. இடது பக்கத்துத் தடத்தில் அன்றைக்குச் சிவப்பு விளக்கு இல்லை. இன்றைக்கு அவன் எதையும் தேடி ஓட்ட வேண்டியதில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. காதுக்குப் பக்கத்தில், தலைவலித் தைல வாசத்தோடு.

"முதல் கோலு அவனுங்களுக்கு எப்படிப் போச்சு தெரியுமா? பந்து கம்பத்துல பட்டு, திரும்பி நம்ம கீப்பர் மேலயே பட்டு உள்ள போயிடுச்சு. அவன் என்ன பண்ணுவான், பாவம். இது முதல் நாள் நின்ன பையன் இல்ல, வேற ஆளு. அப்புறம் மறுபாதில ஒரு கார்னர். அந்த வாத்தியாரு எம்பினான் பாரு, தலையால ஒரே முட்டு! கோலு! நான் மோட்டார் மேலயே எந்திரிச்சு நின்னுட்டேன். பக்கத்துல நின்னவன் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான்."

'நம்ம கீப்பர்' என்றான். சுகுமாரனுக்கு அது காதில் விழுந்தது.

"இப்ப என்னாச்சு?" என்றான்.

நூர்ஜான் போனை லோகன் கையில் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் எழுந்து முன்னால் வந்து லோகன் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். பங்களாதேஷ்காரர்கள், நேப்பாளிகள், மலாய்ப் பெண்கள், எல்லாரும். சுகுமாரனுக்கு மட்டும் ரோடுதான். அவனுக்காக லோகன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"போக்கா வர்றான், வர்றான். நம்ம ஆளுங்க எல்லாரும் கோல் பெட்டிக்குள்ளேயே நிக்கிறானுங்க. அடிக்கிறான்! வெளிய. அம்மாடி. மறுபடி வர்றான். ஒருத்தன் குறுக்க விழுந்து தடுத்துட்டான். சுகு, இவனுங்களால ஓடவே முடியல, பாக்கவே கஷ்டமா இருக்கு, நாக்குத் தள்ளிடுச்சு. நாளைக்கு வேலைக்குப் போவணும் இவனுங்க."

சுகுமாரன் மனசுக்குள் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. போக்கா ஒரு கோல் போட்டால் போதும். ஆக்லாந்து வெறுங்கையோடு போகும், லோகன் மாட்டுவான், கடன் ஒழியும். நாலு மாதமாக அவன் வேண்டிக்கிடந்தது இதற்குத்தானே. ஒரே ஒரு கோல்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றான்.

"கூடுதல் நேரம் குடுத்துட்டான், பாவி. போக்காவுக்கு கார்னர்."

"எல்லாரும் உள்ள வரச் சொல்லு!"

"வந்துட்டானுங்க!"

"கம்பத்துல ஒருத்தன் நிக்கச் சொல்லுடா! முதல் கம்பத்துல!"

"அடிச்சுட்டான்... தூக்கினான்..."

"வெளிய தள்ளு! அடிச்சு வெளிய தள்ளு! கடலுக்குள்ள அடி!" என்று சுகுமாரன் ரோட்டைப் பார்த்தபடியே கத்தினான். கத்தினபிறகுதான் தன் குரல் என்று அவனுக்கே தெரிந்தது. கணக்கு எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

"தள்ளிட்டான்!"

பாலம் முடிந்து அக்கரையில் பெராய்ப் பக்கம் இறங்கும்போது விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று, ஆக்லாந்துக்கு ஒரு புள்ளி. பஸ்ஸுக்குள் எழுந்த சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு நேப்பாளிப் பையன் நூர்ஜான் பையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினான், அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். லோகனுடைய கை சுகுமாரன் தோளில் வந்து விழுந்தது. ஈரமான கை. எடுக்கவில்லை. புக்கிட் தெங்கா வாசல் வரைக்கும் அங்கேயே கிடந்தது.

சாயங்காலமும் லோகன் பஸ்ஸில்தான் வந்தான். மேம்பாலத்தில் இறங்கி மோட்டாரை எடுத்துக்கொண்டான். கடனைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது, மூன்றாவது ஆள் மாதிரி. வியாழக்கிழமை காலையில் லோகன் மறுபடி மோட்டாரில்தான் போனான். ஒரு நாள் மழைக்கு ஏறினது ஏறினதுதான், இன்னும் பழைய பாக்கி அப்படியே இருக்கிறதே என்ற முகம். சுகுமாரன் விளக்குக்குப் பின்னால் மெல்ல ஓட்டினான்.

அன்றைக்குக் காலையிலேயே உராவாவை மெக்சிகோக்காரன் நாலு கோல் போட்டு அனுப்பிவிட்டான். மூலை மேசையில் வேறு எவன் அணியும் வெறுங்கையோடு போகவில்லை. மாட்டினது சுகுமாரன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை மால் ஹிஜ்ரா, இஸ்லாமியப் புத்தாண்டு விடுமுறை. மூலை மேசையில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுகுமாரன் மீசையைத் தடவிக்கொண்டு, எது வந்தாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். முஸ்தஃபா பாய் கத்தியைத் தீட்டுகிற மாதிரி தோசைக் கரண்டியைத் தீட்டிக் காட்டினார்.

வாசலில் மோட்டார் நிற்கிற சத்தம் கேட்டது. லோகன் உள்ளே வந்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் கடைக்குள் கால் வைக்கிறான். தலைக்கவசத்தைக் கழற்றும் முன்னாலேயே பேசினான்.

"நான் முதல்ல கேக்குறேன். யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

எல்லாரும் வாயை மூடினார்கள்.

"டேய் சுகு. என் வண்டியை நீ எடுத்துக்கணும். ஆயிரத்து எண்ணூத்தி எழுவது வெள்ளிக்கு. அதோட சரி. தட்டக் கூடாது."

சுகுமாரன் வாயைத் திறந்தான். அந்த வண்டி இன்றைக்கு விற்றால் பாதி விலைக்குக்கூடப் போகாது. அது லோகனுக்கும் தெரியும். அதைத்தான் சொல்ல வந்தான், வேண்டாம்டா என்று.

"தட்டக் கூடாது" என்றான் லோகன் மறுபடியும். கண் கெஞ்சியது, குரல் கெஞ்சவில்லை.

சுகுமாரன் முஸ்தஃபா பாயைப் பார்த்தான். பாய் தோளைக் குலுக்கினார். "காசு கேக்கலையே அண்ணே. வண்டிதான குடுக்குறான். சட்டப்படி சரி."

"சரிடா" என்றான் சுகுமாரன். "எடுத்துக்கிறேன்."

தேயைக் குடித்துவிட்டு இருவரும் லோகன் பிளாட்டுக்குப் போனார்கள். தார்ப்பாயை எடுத்தார்கள். பூனையையும் குட்டிகளையும் ரூபினி ஒரு மைலோ பெட்டியில் மாற்றி வைத்தாள். சுகுமாரன் பிளாட்டு இரண்டு தெரு தள்ளி. ஒருவன் முன்னால் இழுக்க, ஒருவன் பின்னால் தள்ள, வண்டி கீச் கீச்சென்று ரோட்டில் இறங்கியது.

பாதி வழியில் லோகன் கேட்டான். "அந்த ஆக்லாந்தை நீ வேணும்னேதான எடுத்த?"

"ஆமா."

வண்டி நின்றுவிட்டது. லோகன் பின்னால் தள்ளுவதை நிறுத்திவிட்டான்.

"நீ மாட்டுவ, கடன் இல்லன்னு உன்னை ஒத்துக்க வைக்கலாம்னு எடுத்தேன்" என்றான் சுகுமாரன், திரும்பாமல்.

ஒரு பஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"பாலத்துல, வெளிய தள்ளு, வெளிய தள்ளுன்னு கத்தினியே?"

"கத்தினேன்."

"பைத்தியக்காரா" என்றான் லோகன். வண்டி மறுபடி நகர்ந்தது. இந்தத் தடவை பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினான், சுகுமாரன் ஓட வேண்டியதாயிற்று.

வடிவம்மாள் கீழே இறங்கி வந்து நின்றாள். வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தாள், பித்தளைச் சட்டியை நகத்தால் சுண்டிப் பார்த்தாள், நல்ல சத்தம் வந்தது. முந்தானையால் ஓரத்தைத் துடைத்தாள்.

"திங்கக்கிழமை பஸ்ல வருவீங்கல்ல அண்ணே?" என்றாள் லோகனிடம்.

"வருவேன் வடிவு. இனிமே என்ன."

"அன்னிக்கு இவருகிட்ட கரைச்ச மாவு குடுத்தனுப்புறேன், ரூபினிகிட்ட குடுங்க. நானும் அவளும் சேந்து கடை போடுறோம். எப்படிக் கரைக்கிறதுன்னு அவ பாத்துக்கட்டும். நீங்க தொடாதீங்க."

லோகன் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதன் உறைக்குள் செருகியிருந்த ஆக்லாந்துத் துண்டை உருவிப் பார்த்தான். மழையில் நனைந்து எழுத்து பரவியிருந்தது. திரும்பவும் உள்ளேயே வைத்துக்கொண்டான்.

"கடன் தீந்துச்சா சுகு?"

"தீந்துச்சுடா" என்றான் சுகுமாரன்.